சாட்சிகள் படித்த எம்.எஸ்ஸி.

தேர்தலுக்கு முந்தைய வாரம் சட்டமன்றத்தில் அவசர அவசரமாகக் கைதூக்கியதில் சோனாபூருக்கு ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் பிறந்தது. பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்தியே தலை நரைத்த கேதார்நாத் ஜா அதற்குத் துணைவேந்தராக வந்திறங்கினார். கால்நடை மருத்துவமனையின் மாடிதான் பல்கலைக்கழகம். கீழே எருமை கத்தினால் மேலே விரிவுரை நிற்கும்.

கட்டிடம் கேட்டுக் கல்வி மந்திரி பிரிஜ்கிஷோரிடம் போனார்.

"சட்டம் போட்டாச்சு, சம்பளமும் குடுக்கறோம். கட்டிடம் கிட்டிடமெல்லாம் தில்லிகிட்ட கேளுங்க, ஜா-ஜி" என்றார் மந்திரி.

மானியத்துக்குத் தகுதி பார்க்கத் தில்லியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. அன்றைக்கு மட்டும் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் பல்கலைக்கழகப் பலகையை மாட்டிவிடலாம் என்று மந்திரியின் ஆள் யோசனை சொன்னான்.

"எட்டாங்கிளாஸ் பொண்ணுங்களை எம்.எஸ்ஸி.ன்னு சொல்ல வைக்கணுமா? வெட்கமாயில்லே?" என்று ஜா சீறி அனுப்பினார்.

குழுத் தலைவி மல்ஹோத்ரா துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியபடி மாடியேறினார்.

"சொந்தக் கட்டிடம் இல்லாம மானியம் எப்படித் தர்றது, சார்?"

"மானியம் வந்தா கட்டிடுவோம், மேடம்."

"கட்டினா மானியம் வரும்."

"மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் எல்லாம் குடுக்கறீங்களே?"

"அது எங்க பிள்ளை. இது மாநிலத்தோட பிள்ளை. நாங்க எப்பவாவது சட்டைத்துணி எடுத்துத் தர்ற அத்தை. பிள்ளை முதல்ல எழுந்து நிக்கட்டும்!"

பரிமாறிய ஊர்ப் பலகாரமான லிட்டியும் சோக்காவும் பிரமாதம் என்று பாராட்டிச் சாப்பிட்டுவிட்டு, தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி கூச்சல் போட்டது. மானியம் ஏன் வரவில்லை என்று ஆராய மந்திரி உடனே ஓர் உயர்நிலைக் குழு அமைத்து, ஜாவையே தலைவராக்கினார். குழுவுக்கு ஊர் நடுவே மூன்று மாடிக் கட்டிடம், ஏசி அறைகள், நூறு நாற்காலி போட்ட கூடம்.

அந்தக் கூடத்தில் நின்றபோது ஜாவுக்கு வயிறெரிந்தது. எழுத்தர் பாண்டேயைக் கூப்பிட்டார்.

"குழு யாரை வேணும்னாலும் சாட்சியா வரச்சொல்லலாமா?"

"தாராளமா, சார்."

"அப்ப நம்ம எம்.எஸ்ஸி. பசங்க அத்தனை பேரையும் வரச்சொல்லும். தினமும். வாயைத் திறக்காம நான் சொல்றதை எழுதிக்கிட்டாப் போதும்."

மறுநாள் சாட்சிகள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஜா கங்கைச் சமவெளியின் மண்ணடுக்குகளைப் பலகையில் வரைய ஆரம்பித்தார். குறுக்கே கத்த எந்த எருமையும் இல்லை.

இத்தனை சாட்சிகளா என்று பூரித்துப்போன மந்திரி, குழுவின் ஆயுளை இரண்டு ஆண்டு நீட்டினார். எம்.எஸ்ஸி. முடிக்க அது போதுமானதாக இருந்தது.