கூடவே இறங்கிய ஆக்ஸில்

இப்போதெல்லாம் எவனும் வண்டியை வாங்கியபடியே ஓட்டுவதில்லை. வாங்கின மறுநாளே அதன் வயிற்றைப் பிரித்து, காலை உயர்த்தி, மூக்கில் குழாய் சொருகி, கூரைமேல் கூடாரம் ஏற்றி, கடைக்குப் பால் வாங்கப் போகிறான். பாலைவனம் பார்த்தாயா என்று கேட்டால் ஃபோனில் படம் காட்டுகிறான். க்ளெம் ரடக் இதைக் க்வோர்ன் ஊரில் காது கொடுத்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார். காது கொடுக்காதவர்களிடம் இரண்டு தரம் சொன்னார்.

அப்படிப்பட்டவருடைய வண்டியே இன்று அந்தக் கோலத்தில் சிம்ப்சன் பாலைவனத்தின் மணல்மேட்டுச் சரிவில் சாய்ந்து நின்றது. நின்றது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவருடைய வலது தொடையின்மேல் உட்கார்ந்திருந்தது.

அது ஆட்டுப் பண்ணையில் வேலி பார்க்க ஓடிய பழைய வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தட்டு, நான்கு சக்கரமும் இழுக்கும். பண்ணையை விற்றபோது க்ளெம் அதை வாங்கிக்கொண்டார். இஞ்சின் ஒருநாள் புகை கக்கி நின்றதும் கொட்டகையில் தள்ளி ஒரு போர்வை போட்டு மூடினார். அதோடு விட்டிருக்கலாம். தம்பி பெர்சி விடவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாதவன், கையில் உதிரிபாகப் படப் புத்தகத்தோடு வந்து நின்றான்.

"முட்டி போறதுக்குள்ள ஒரு தரம் சிம்ப்சனைத் தாண்டிடுவோம்ணே. இஞ்சினும் கியர் பெட்டியும் உன் பாடு. மத்ததை என்கிட்ட விட்டுடு."

"மத்ததுன்னா என்னடா?"

"நீ பாக்கத் தேவையில்லாதது."

குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் ஓடியது. க்ளெம் இஞ்சினைக் கழற்றி ஒவ்வொரு உறுப்பையும் துடைத்துப் பூட்டினார். எதிர்ப்புறத்தில் பெர்சி, எந்த நட்டை எந்தப் பக்கம் திருகுவது என்று அவரையே கேட்டுக் கேட்டுப் பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டு, நீளமாக வளைந்து கொடுக்கும் புது ஸ்பிரிங் போட்டான். பெரிய டயர் போட்டான். முன்னால் கம்பிவடம் சுற்றி இழுக்கிற விஞ்ச், உள்ளே ரேடியோ, பின்னால் பிரிட்ஜ். பிரிட்ஜ் வந்த அன்று க்ளெம் கொட்டகையை விட்டு வெளியே போய் நாயோடு உட்கார்ந்திருந்தார்.

ஒன்றில் மட்டும் அவர் இறங்கிவரவில்லை. அவருடைய ஜாக்கி. ஆள் உயர இரும்புத் தண்டு, பல் பல்லாக ஏறும், நெம்புகோலை விட்டால் தாடையைப் பெயர்த்துவிடும். பெர்சி அதற்குப் பதிலாக ஒரு தடித்த ரப்பர் பை வாங்கி வந்திருந்தான். வண்டிக்கடியில் விரித்து, வாயைப் புகைக்குழாயில் மாட்டினால் ஊதிக்கொண்டு வண்டியைத் தூக்குமாம். கிளம்புகிற காலையில் க்ளெம் அந்தப் பையை எடுத்துக் கோழிக்கூண்டுமேல் எறிந்தார்.

"பலூன் விக்கிறவன்கிட்ட நான் வண்டியை ஒப்படைக்க மாட்டேன்" என்றார்.

"சரி. உன் இரும்பை நீயே தூக்கு" என்றான் பெர்சி.

க்வோர்னிலிருந்து இவ்வளவு தூரமும் அவருக்கு மூச்சுமுட்டித்தான் வந்தது. கால் வைக்கிற இடத்தில் தண்ணீர்க் குடம், முழங்கையில் ரேடியோ ஒயர், கதவைத் திறந்தால் இடித்துக்கொள்ளும் பெட்டி. தன் வண்டிக்குள் தானே சாமான்போல அடுக்கப்பட்டிருந்தார். டயர் கிழிந்தபோது அவருக்குச் சற்று நிம்மதியாகக்கூட இருந்தது. இறங்கலாம். தனக்குத் தெரிந்த வேலை.

பின்பக்க இடது டயர். காய்ந்த கட்டை ஒன்று பக்கவாட்டில் குத்தியிருந்தது. பெர்சி தேநீருக்குச் சுள்ளி பொறுக்க மேட்டுக்கு அந்தப்புறம் போனான். க்ளெம் தன் ஜாக்கியைப் பழைய கட்டைத்துண்டின்மேல் வைத்துப் பின் பம்பரில் மாட்டி நெம்பினார். வண்டியின் உடம்பு ஏறியது. சக்கரம் ஏறவில்லை. இன்னும் நெம்பினார். உடம்பு இன்னும் ஏறியது, சக்கரம் தரையிலேயே பதிந்து இருந்தது. பழைய ஸ்பிரிங்காக இருந்தால் நாலு நெம்பலில் சக்கரம் காற்றில் நிற்கும். இந்தப் புது ஸ்பிரிங் விறைப்பாக நிற்காமல் நீண்டுகொண்டே போனது. ஜாக்கி உச்சிப் பல்லுக்கு வந்துவிட்டது. க்ளெம் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, மண்வெட்டி எடுத்துச் சக்கரத்துக்கடியில் மணலைத் தோண்டி, சக்கரத்தை உருவினார். ஸ்டெப்னியை உருட்டிவந்து, மணலில் உட்கார்ந்து, காலை உள்ளே நீட்டி, அதைத் தூக்கிப் பூட்டப் பார்த்தார்.

கட்டை சறுக்கியது. அவ்வளவுதான் அவர் பார்த்தது. ஜாக்கி அவர் தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றி மணலில் விழுந்தது. ஸ்டெப்னி தன்பாட்டுக்குச் சரிவில் உருண்டு போனது. அவர் மல்லாந்து வண்டிக்கடியில் சரிய, இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற கனத்த ஆக்ஸில் அவர் தொடைமேல் வந்து உட்கார்ந்தது.

மணல் இளகியிருந்ததால் எலும்பு முறியவில்லை. கால் மணலுக்குள் புதைந்துபோனது. ஆனால் அந்த மணல் நிற்கவில்லை. சரிவிலிருந்து கோதுமை கொட்டுவதுபோல மெல்லச் சரிந்துகொண்டே இருந்தது. சரியச் சரிய வண்டியும் கொஞ்சம் கொஞ்சமாக அவர்மேல் சாய்ந்தது. கண்ணுக்கெதிரே ஒரு சாண் தூரத்தில் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின் இரும்பு. அதில் போன மாதம் தன் கையால் அடித்த கறுப்பு வண்ணம். ஈக்கள் வாயோரம் வந்து உட்கார்ந்தன.

பெர்சி சுள்ளியோடு மேட்டு உச்சியில் வந்து நின்றான். சுள்ளி விழுந்தது.

"என்னண்ணே, படுத்துட்டே?"

"வெயில் காயுறேன். வந்து தூக்குடா."

பெர்சி சரிவில் வழுக்கிக்கொண்டே வந்து மண்டியிட்டான். முகம் பிரிட்ஜ்போல வெளுத்திருந்தது. கால் விரலை ஆட்டச் சொன்னான். ஆடுகிறதா இல்லையா என்று க்ளெமுக்கே தெரியவில்லை. பெர்சி ரேடியோவைப் பிடித்துக் கூப்பிட்டான். மணல்மேடுகளுக்கு நடுவில் வெறும் இரைச்சல்தான். மறுபடி கூப்பிட்டான். இரைச்சல்.

"இவ்வளவு ஒயரு இழுத்தியே, யாராவது பேசுறானா பாரு" என்றார் க்ளெம்.

"நீ பேசாம இரு. எல்லாம் உன்னாலதான்."

பெர்சி பின்தட்டிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பலகைகளை உருவினான். மணலில் சிக்கிய சக்கரத்துக்கடியில் போடுகிற பிளாஸ்டிக் பலகைகள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மணலில் மிதித்து அழுத்தி, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தி நெம்பினான். வண்டியின் உடம்பு ஏறியது. க்ளெமின் முகத்துக்குமேல் சேஸிஸ் விலகி விலகிப் போனது. வெளிச்சம் உள்ளே வந்தது. தொடைமேல் ஆக்ஸில் மட்டும் அசையவில்லை.

"ஏறுதா?"

"வண்டி ஏறுது. ஆக்ஸில் ஏறலை."

பெர்சி குனிந்து பார்த்தான். ஸ்பிரிங் தன் வளைவெல்லாம் விட்டு நீண்டு, ஆக்ஸிலைக் கீழேயே பிடித்து வைத்திருந்தது. அவன் கையால் பூட்டின ஸ்பிரிங். மண்வெட்டியை எடுத்து அண்ணன் தொடைக்கடியில் மணலை வாரினான். கால் ஓர் அங்குலம் கீழே போனது. ஆக்ஸிலும் ஓர் அங்குலம் கூடவே வந்தது. இன்னும் வாரினான். இன்னும் கூட வந்தது.

"நிறுத்துடா" என்றார் க்ளெம். "நான் போற இடமெல்லாம் கூடவே வருது. இப்படியே தோண்டினா என்னைப் புதைச்சிட்டுத்தான் நிப்பே."

"அது நல்ல ஸ்பிரிங்ணே. அதிகமா நீளுற மாதிரி கேட்டு வாங்கினேன்."

"தெரியுது. என் தொடைக்குத் தெரியுது."

மேட்டுக்கு அந்தப்புறம் வருகிறவனுக்குத் தெரியட்டும் என்று வண்டியின் முன்னால் கட்டியிருந்த உயரக் கொடியைக் காற்று படபடக்க வைத்தது. ஜாக்கி உச்சிப் பல்லில் நின்று மெல்ல ஆடியது. விழுந்தால் இந்தத் தரம் மணல் காப்பாற்றாது. அவருக்கு ஒரு வழி தெரிந்தது. சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அதைச் செய்ய வேண்டியவன் பெர்சி. திருப்புளியைக் கொடுத்தால் எந்தப் பக்கம் திருகுவது என்று கேட்கிற பெர்சி. அவருக்கு எழுபத்து நான்கு வருஷமாக யார் கையிலும் எதையும் கொடுத்துப் பழக்கமில்லை. நெற்றியைத் துடைக்கக் கை தூக்கினால் இரும்பில் இடித்தது. வலது பக்கம் திரும்ப முடியாது. இடது பக்கம் திரும்பினால் மணல். கால் மரத்துக்கொண்டே போனது.

"பெர்சி."

"ம்."

"ஆக்ஸிலைச் சேஸிஸோட சேர்த்துக் கட்டணும். கட்டிட்டுத் தூக்கினா ரெண்டும் ஒண்ணா ஏறும்."

பெர்சி யோசித்தான். "அது சரி. ஆனா இப்ப சேஸிஸ் எங்கயோ இருக்கு, ஆக்ஸில் எங்கயோ இருக்கு. இடைவெளியோட கட்டினா தூக்கி என்ன புண்ணியம்? உச்சிப் பல்லுக்கு வந்தாச்சே."

"ஆமா."

"அப்போ உடம்பை மறுபடி கீழ இறக்கணும்."

"ஆமா."

"உன் மேல."

"பின்ன உன் மேலயா?"

பெர்சி மணலில் உட்கார்ந்துவிட்டான். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். "என்னால முடியாதுண்ணே. ரேடியோவை இன்னொரு தரம் பாக்குறேன். சாயங்காலம் யாராவது வருவாங்க."

"சாயங்காலம் வந்து சவத்தை எடுப்பாங்க. பிரிட்ஜைக் கட்டியிருக்கிற வாரை அவுத்துட்டு வா."

"பீரெல்லாம் உருண்டுடும்."

"டேய்."

பெர்சி போனான். தட்டில் பிரிட்ஜ் சரிந்து இடிக்கிற சத்தம் கேட்டது. அகலமான வாரையும் அதை இறுக்குகிற பல் கைப்பிடியையும் கொண்டுவந்தான். உள்ளே நுழையப் பார்த்தான். அவன் வயிறு நுழையவில்லை.

"குடு. நான் கட்டுறேன்" என்றார் க்ளெம்.

"கை எட்டுமா?"

"எட்டலேன்னா சொல்றேன். நீ ஜாக்கியை இறக்கு. பல் பல்லா. அவசரப்பட்டே, அப்புறம் உன்னோட பேச்சில்லை."

பெர்சி இறக்கினான். ஒரு பல். சேஸிஸ் இறங்கியது. வாரை முதலில் ஆக்ஸிலைச் சுற்றி விட்டார் க்ளெம். இன்னொரு பல். இரும்பு மார்புக்கருகே வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வாரின் முனையைச் சேஸிஸ்மேல் எறிந்தார், விழுந்தது, மறுபடி எறிந்தார். இன்னொரு பல். ஸ்பிரிங் மடங்க மடங்க, வண்டியின் பாரமெல்லாம் மெல்லத் தொடையில் கூடியது. வலி என்று அவர் நினைத்தது வேறு, இது வேறு. சத்தம் போட வாய் திறந்தது. சத்தம் வரவில்லை, மணல்தான் வாய்க்குள் போனது.

"போதுமாண்ணே? சொல்லு. நிறுத்தட்டுமா?"

நிறுத்தச் சொல்லலாம். சொன்னால் உடனே நிறுத்திவிடுவான். நிறுத்தினால் வார் தொளதொளவென்று தொங்கும்.

"இறக்குடா" என்றார்.

இன்னும் இரண்டு பல். சேஸிஸ் அவர் தாடையை உரசிற்று. வாரின் முனையைப் பல் கைப்பிடியில் நுழைத்து, விரல் தோல் உரிய இழுத்து இறுக்கினார். கண்ணில் பூச்சி பறந்தது.

"தூக்கு."

பெர்சி நெம்பினான். அழுதுகொண்டே நெம்பினான் என்பது அவன் மூக்குறிஞ்சலிலிருந்து தெரிந்தது. வார் விறைத்து முறுகியது. சேஸிஸ் ஏறியது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தொடைமேலிருந்த பாரம் ஒரு மயிரிழை விலகியது. மணல் அந்த இடைவெளியில் ஓடி வந்தது. இன்னும் இரண்டு நெம்பல். பெர்சி நெம்புகோலைப் பூட்டிவிட்டு அண்ணனின் கக்கத்தில் கை கொடுத்துத் தரதரவென்று வெளியே இழுத்தான். பூட்ஸ் ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது.

இருவரும் சரிவில் மல்லாந்து கிடந்தார்கள். க்ளெம் விரலை ஆட்டிப் பார்த்தார். ஆடியது. தொடையில் வீக்கமும் கருநீலமும் ஏறிக்கொண்டிருந்தது, எலும்பு நின்றது. பெர்சி போய் பீர் கொண்டுவந்தான். உருண்டதில் திறந்ததும் பாதி நுரையாகப் போயிற்று.

"பாத்தியா" என்றான் பெர்சி, சற்றுத் தெம்பு வந்ததும். "நீ பிளாஸ்டிக்னு கேலி பண்ணின பலகைதான் ஜாக்கியைத் தாங்கிச்சு. பிரிட்ஜ் வார்தான் உன் காலைக் காப்பாத்திச்சு. அந்தப் பையை மட்டும் நீ கோழிக்கூண்டுமேல எறியாம இருந்திருந்தா, ஆக்ஸிலுக்கடியில வச்சு ஊதி, நீ உக்காந்து தேத்தண்ணி குடிச்சிட்டு இருப்பே."

"பழைய ஸ்பிரிங் இருந்திருந்தா நாலு நெம்பல்ல சக்கரம் ஏறியிருக்கும். தோண்டவே வேண்டாம். கட்டவும் வேண்டாம்."

"பழைய ஸ்பிரிங்கோட நீ இந்த மேடு வரைக்கும் வந்திருக்கவே மாட்டே."

"வராம இருந்திருந்தா கால் நல்லா இருந்திருக்கும்."

"அட, ஒரு தரமாவது ஒத்துக்கயேன்ணே."

க்ளெம் ஒத்துக்கொள்ளவில்லை. பெர்சி சரிவடியில் கிடந்த ஸ்டெப்னியைத் திட்டிக்கொண்டே உருட்டி ஏற்றிப் பூட்டினான். நட்டு எந்தப் பக்கம் திருகுவது என்று இந்தத் தரம் கேட்கவில்லை. வாரை அவிழ்த்தான், வண்டியை இறக்கினான். புதைந்த பூட்ஸைத் தோண்டி எடுத்து மணலை உதறிக் கொடுத்தான். உள்ளே ஏறி இஞ்சினைக் கிளப்பினான். சாவியைத் திருகின முதல் தரமே பிடித்துக்கொண்டது. அந்த இஞ்சின் க்ளெமின் கைவேலை, அதில் பேச்சே இல்லை.

பெர்சி எட்டி இடது கதவைத் திறந்துவிட்டான். தண்ணீர்க் குடத்தை நகர்த்தினான். உள்ளே ஒரு ஆள் சொருகிக்கொள்ள இடம் இருந்தது, அவ்வளவுதான்.

"ஏறுண்ணே. திரும்பிப் போயிடுவோம். டாக்டர்கிட்ட காட்டணும்."

க்ளெம் அந்தக் கதவையும் குடத்தையும் ஒயரையும் பார்த்தார். நிமிர்ந்து நிற்கிற புது ஸ்பிரிங்கைப் பார்த்தார். ஒன்றும் தெரியாததுபோல நின்றது.

"நீ வண்டியைக் கொண்டு வா. நான் மேடு வரைக்கும் நடக்குறேன்."

"அந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"இது என் கால். இதுல நீ இன்னும் ஒண்ணும் மாத்திப் பூட்டலை."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டி ஏறினார். பின்னால் பெர்சி என்னவோ கத்தினான். க்ளெம் திரும்பவில்லை. நாலு நெம்பல், என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். நாலே நெம்பல்.