முப்பத்தொரு சதவீதம்

நாகலிங்கத்தை ஆராய்ச்சிக் குழுவின் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, அவருக்கு ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடத் தெரியும். இரண்டு, அன்றைக்கு அவர் கணுக்கால் சுளுக்கித் தொழிலாளர் கேம்ப்பில் படுத்திருந்தார். மற்ற எல்லோரும் சைட்டில் இருந்தார்கள்.

பஹ்ரைனுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. வேலை ஷட்டரிங்: கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகை அடைத்து, முட்டுக் கொடுத்து, தூணுக்கும் தளத்துக்கும் அச்சுக் கட்டுவது. சொந்த ஊர் இளையான்குடிப் பக்கம். மூத்த மகள் சந்தியா நர்சிங் இரண்டாம் வருடம்.

கம்பெனியின் எச்.ஆர். அருள்ராஜ் ரூமுக்கே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது, நாகலிங்கம் கால் வலியையும் மறந்து எழுந்து உட்கார்ந்தார். எச்.ஆர். ரூமுக்கு வருவது பெரும்பாலும் ஒரே விஷயத்துக்காகத்தான்.

“நான் என்ன சார் தப்பு பண்ணுனேன்?”

“தப்பு பண்ணினா கமிட்டில போட மாட்டாங்க, ஊருக்கு டிக்கெட் போட்டுருவாங்க. இது கமிட்டி. மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை போய் உக்காந்துட்டு வரணும். டூட்டியில சேத்துக்கலாம்.”

மனாமாவில் ஓர் ஆய்வு நிலையமும் சென்னையில் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. தமிழ்நாட்டுப் பையன்கள் ஊரில் என்ன தொழில் படிக்கிறார்கள், வளைகுடாவுக்கு வந்து என்ன தொழில் பார்க்கிறார்கள் என்பது விஷயம். ஒப்பந்தம் கையெழுத்தாகிப் போட்டோவும் எடுத்து ஒன்றரை வருடம் ஓடிய பிறகு, பணம் கொடுக்கும் அமைப்பு ஒரு நிபந்தனையைச் சுட்டிக்காட்டியது. ஆலோசனைக் குழுவில் தொழிலாளி ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கும் மற்றவர்களைப் போலவே முழு ஓட்டு உண்டு.

முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். நாகலிங்கம் மைத்துனன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அவர் பெயர் எழுதிய பலகை மேஜைமேல் இருந்தது. ஆய்வு நிலையத்தின் ஒருங்கிணைப்பாளர் பிருந்தா, கோயம்புத்தூர்ப் பெண், பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். இரண்டு மணி நேரத்தில் அவர் ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். “ஏசியக் கொஞ்சம் கொறைக்கலாமா மேடம்?” என்று கேட்டார். கூட்டக் குறிப்பில், தொழிலாளர் தரப்பு தன் கருத்தைத் தெரிவித்தது என்று பதிவானது.

அடுத்த கூட்டத்துக்கு ஐந்து பேர். அதற்கடுத்ததற்கு நான்கு. ஒருவர் தோஹாவுக்கு மாற்றலாகிப் போனார். ஒருவர் ஒவ்வொரு மாதமும் வர இயலாமைக்கு வருந்தி மெயில் அனுப்பினார். அந்த மெயில் மட்டும் தவறாமல் வந்தது. நாகலிங்கம் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார். வரவேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. பிருந்தா அவருக்காக ஒவ்வொரு மாதமும் ஆய்வுத் தாள்களை இரண்டு பக்கத் தமிழில் சுருக்கி எழுதிக் கொடுத்தாள். பஸ்ஸில் படித்துக்கொண்டே வருவார். குழுவில் தாள்களைப் படித்துவிட்டு வந்த ஒரே உறுப்பினர் அவர்தான்.

ஆறாவது கூட்டத்தன்று தலைவர் ஊரில் இல்லை. ஆராய்ச்சிக் கூட்டாண்மைகளை வலுப்படுத்துவது எப்படி என்ற மாநாட்டுக்காக அபுதாபி போயிருந்தார். அறையில் நாகலிங்கமும், ஒப்பந்ததாரர் சங்கத்தின் சார்பில் முகம்மது ரிபாயும் இருந்தார்கள். ரிபாய் காயல்பட்டினத்துக்காரர்; அறுபது வயது; மனாமாவிலேயே குதைபியாப் பகுதியில் சின்ன கான்ட்ராக்ட் கம்பெனி. சுவரில் இருந்த திரையில் சென்னைப் பேராசிரியர் பத்மநாபன் தெரிந்தார். மூன்று பேர் இருந்தால் கூட்டம் செல்லும். தலைவர் இல்லையென்றால் வந்தவர்களில் ஒருவரைத் தலைவராக்க வேண்டும்.

“எனக்கு நெட் விட்டு விட்டு வருது, நான் சரிப்பட மாட்டேன்” என்றார் பத்மநாபன்.

“நான் நாலு மணிக்கு எழுந்து போயிருவேன். முனிசிபாலிட்டில வேலை இருக்கு” என்றார் ரிபாய்.

பிருந்தா விதிப் புத்தகத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு நாகலிங்கத்தின் பெயர்ப் பலகையை எடுத்து மேஜையில் தலைவர் இடத்தில் வைத்தாள்.

“அண்ணா, இங்க வந்து உக்காருங்க. ஒவ்வொண்ணா நான் படிப்பேன். எல்லாருக்கும் சரிங்களான்னு நீங்க கேக்கணும். அவ்வளவுதான்.”

முதல் மூன்று விஷயங்களுக்கு நாகலிங்கம் சரியா என்று கேட்டார். சரி என்றார்கள். அவருக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. நான்காவது, ஆய்வின் வரைவு அறிக்கை.

“இதுதான் நம்ம மெயின் ஃபைண்டிங்” என்று பத்மநாபன் ஆரம்பித்தார். குரலில் இரண்டு வருட உழைப்பின் சந்தோஷம் இருந்தது. “பயிற்சி வாங்கினவங்கள்ல முப்பத்தொரு சதவீதம் பேர் வேற தொழில் பார்க்கறாங்க. மூணுல ஒருத்தர்! அதாவது, ஊர்ல படிக்கும்போதே தப்பான தொழிலைத் தேர்ந்தெடுத்துடறாங்க. அதனால நம்ம பரிந்துரை, சென்னையில ஒரு தொழில் வழிகாட்டி மையம்.”

நாகலிங்கம் குனிந்து தன் இரண்டு பக்கத்தைப் பார்த்தார். அந்தப் படிவத்தை அவரும் நிரப்பியிருந்தார். போன வருடம் கேம்ப் மெஸ்ஸில், கேம்ப்பின் பொறுப்பாளர் பக்கத்தில் நிற்க, வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் நிரப்பினார்கள். ஊரில் பயிற்சி பெற்ற தொழில்: பிளம்பர். இப்போது செய்யும் தொழில்: கார்ப்பெண்டர். அவருக்குத் தெரிந்த பிளம்பிங், குழாயை இறுக்கி மூடுவது.

எல்லோருக்கும் சரியா என்று கேட்டுவிட்டால் முடிந்தது. ஐந்தாவது விஷயம் அடுத்த கூட்டத்தின் தேதி. அதன் பிறகு டீ. அவர் வாயைத் திறந்தார். வேறு வார்த்தைகள் வந்தன.

“சார், இந்த முப்பத்தொண்ணுல நானும் ஒருத்தன்.”

பத்மநாபனின் முகம் மலர்ந்தது. “அப்படியா! ரொம்ப நல்லது. சொல்லுங்க, பிளம்பிங்கை ஏன் தேர்ந்தெடுத்தீங்க? அப்ப யாராவது வழிகாட்டியிருந்தா மாறியிருப்பீங்களா?”

“நான் தேர்ந்தெடுக்கல சார். அந்த வாரம் ஏஜெண்டுகிட்ட வந்தது பிளம்பர் விசா. அதுக்குத் தக்கன சர்ட்டிபிகேட்டும் அவுகளே குடுத்தாக.”

“சரி. அப்புறம் மூணு மாசம் பிளம்பிங் படிச்சீங்க.”

“சர்ட்டிபிகேட்டப் படிச்சேன் சார். பேரு சரியா இருக்கான்னு.”

திரையில் பத்மநாபன் அசையாமல் இருந்தார். நெட் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“சார், லைன்ல இருக்கியளா?” என்று கேட்டார் ரிபாய்.

“இருக்கேன்.”

ரிபாய் நாற்காலியை நாகலிங்கத்தின் பக்கம் திருப்பினார். “நில்லுங்க தம்பி. பைப்பை ஒட்டத் தெரியாத பிளம்பரா அனுப்புறாங்கன்னு நாலு வருஷமா லெட்டர் எழுதிக்கிட்டிருக்கேன். அப்ப எங்கிட்ட வந்த பிளம்பர் எல்லாம்?”

“கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்க பாய். பாதிப் பேரு கொத்தனாரா இருப்பாக. ரெண்டு பேராச்சும் சமையக்காரவுக இருப்பாக.”

“ஒருத்தன் பிரியாணி நல்லா போடுறான்” என்றார் ரிபாய், யோசனையாக.

பிருந்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “அண்ணா, இதை மினிட்ஸ்ல எழுதறதுங்களா? மினிட்ஸ் உங்க கம்பெனிக்கும் போகுமுங்க.”

நாகலிங்கம் அப்போதுதான் கம்பெனியை நினைத்தார். விசாவில் ஒரு தொழில், சைட்டில் ஒரு தொழில் என்று எழுத்தில் போனால் முதலில் கம்பெனிக்குச் சிக்கல். அடுத்த நாள் அவருக்கு. அவரைப் போல அந்தக் கேம்ப்பில் பதினேழு பேர். சந்தியாவுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி.

“எழுதலேன்னா என்ன ஆகும் மேடம்?”

“அறிக்கை இப்படியே போகும். வழிகாட்டி மையம் தொறப்பாங்க. நல்ல தொழிலாப் பாத்துத் தேர்ந்தெடுங்கன்னு பசங்களுக்குச் சொல்லுவாங்க.”

அவர் ஏஜெண்டின் முன்னால் நின்றது நாற்காலிகூட இல்லாத ஒரு மாடியறையில். அங்கே தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்கவில்லை. இன்னொரு பையன் அந்த மையத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்து, மறுநாள் அதே மாடியறைக்குப் போய் நிற்பான் என்று நினைத்துப் பார்த்தார்.

“எழுதுங்க” என்றார்.

பிருந்தா எழுதவில்லை. ரிபாய் கடிகாரத்தைப் பார்த்தார். நாலேகால். அவர் எழுந்திருக்கவில்லை.

“எம்பேர்ல எழுதும்மா. ஒப்பந்ததாரர் சங்க உறுப்பினர் சொன்னார்னு போடு. எனக்கு என்ன, என் விசாவுல போட்டிருக்குற தொழிலத்தான் நான் பண்றேன். இத நானே கண்டுபிடிச்சிருக்கணும். இவர் முந்திக்கிட்டாரு.”

“பாய், உங்களுக்கு இதனால…”

“நீங்க தலைவரு. சரியான்னு மட்டும் கேளுங்க.”

நாகலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோருக்கும் சரியா என்று கேட்டார். ரிபாய் சரி என்றார். திரையைப் பார்த்தார்கள்.

“தலைவர் பேசினது எனக்குச் சரியாக் கேக்கல” என்றார் பத்மநாபன். “ஆனா சங்க உறுப்பினர் சொன்னது நல்லாவே கேட்டுது. சரி.”

அதன் பிறகு கொஞ்ச நாள் பத்மநாபன் பிருந்தாவின் மெயில்களுக்கு ஒற்றை வரியில் பதில் எழுதினார். இரண்டு வருட வேலை. ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்து, படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னார்: வகுப்புக்கு எத்தனை நாள் போனீர்கள்?

இந்தத் தடவை கேம்ப் மெஸ் வேண்டாம் என்று நாகலிங்கம் சொன்னார். குதைபியாவில் ரிபாயின் ஆபீஸ் மாடியில், வெள்ளிக்கிழமைகளில், பெயர் கேட்காமல் நடத்தினார்கள். வருகிறவர்களுக்கு ரிபாயின் பிளம்பர் போட்ட பிரியாணி. மாடிப்படியில் தயங்கி நிற்கிறவர்களிடம் நாகலிங்கம் போய், “பேரு கேக்க மாட்டாக, மேல வாங்க” என்று கூட்டிவந்தார். எட்டு வெள்ளிக்கிழமைகளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். வேறு தொழில் பார்த்தவர்களில் கிட்டத்தட்ட யாரும் வகுப்பையே பார்த்ததில்லை. சர்ட்டிபிகேட்டும் வேலையும் பொருந்தியவர்கள் என்று முன்பு எண்ணியவர்களிலும் பாதிப் பேர் பார்த்ததில்லை. அந்த வாரம் வந்த விசா அவர்கள் தொழிலாகவே அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அறிக்கை எட்டு மாதம் தள்ளிப்போய் வந்தது. பழைய பரிந்துரையை எடுத்துவிட்டு, வேலை தெரிந்த ஆளை வேலை செய்ய வைத்துப் பார்த்து அதற்குச் சான்று கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். சென்னையில் வழிகாட்டி மையமும் திறக்கப்பட்டது. திறப்பு விழாவுக்கு மண்டபம் பிடித்தாகிவிட்டதாம்.

அறிக்கை வந்த மறுவாரம் அருள்ராஜ் நாகலிங்கத்தை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேஜையில் அந்தக் கூட்டக் குறிப்பு இருந்தது.

“இந்தச் சங்கத்து ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுதுன்னு ஏதும் தெரியுமா?”

“தெரியலையே சார்.”

“நீங்கதான் அன்னிக்குத் தலைவர்னு போட்டிருக்கு.”

“சரியான்னு மட்டும்தான் கேட்டேன் சார்.”

அருள்ராஜ் குறிப்பை மடித்து டிராயரில் வைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். “விசா புதுப்பிக்கிற நேரம் வருது. தொழிலை மாத்தி எழுதிடலாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. உங்களோட சேத்துப் பதினெட்டு பேரு. யாராவது வந்து கேக்கறதுக்கு முன்னாடி நாமளே பண்ணிடறது நல்லது.”

நாகலிங்கம் வெளியே வந்து சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றார். வீட்டுக்குப் போன் போட்டு, “சாப்பிட்டியளா?” என்று கேட்டார். என்ன திடீரென்று என்று மனைவி கேட்டாள். சும்மாதான் என்றார்.

குழுவின் காலம் முடிந்ததும், இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று பிருந்தா கேட்டாள். சரி என்றார்.

“அப்படின்னா இந்தச் செவ்வாய்க்கிழமை முதல் கூட்டம் வெச்சுக்கலாங்களா அண்ணா?”

“இந்தச் செவ்வா வேணாம் மேடம். ஆறாவது மாடி ஸ்லாபு போடுறோம். பலகையெல்லாம் நான் அடிச்சது. ஊத்தும்போது நான் கீழ நிக்கணும்.”

கான்கிரீட் வேலை காரணமாகக் கூட்டம் ஒரு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது என்று அன்றே எல்லோருக்கும் மெயில் போனது. பத்மநாபன், குறித்துக்கொண்டேன் என்று பதில் எழுதினார். செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு முதல் கலவை லாரி வந்தது. நாகலிங்கம் தளத்துக்கு அடியில் போய் நின்று, முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, மேலே பார்த்து, “யல்லா, ஊத்துங்க” என்றார்.