சிவப்பு மொட்டைக் கார்

…அதுதான் இடிக்கிறது, ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லையே, எட்டு வருடமாகக் கொட்டகையில் முடங்கிக் கிடந்த கார், அதுவும் மிளகாய்ச் சிவப்பு, அதுவும் மேலே கூரை இல்லாமல், காலை வேளையில் நல்லம்பள்ளிக் கடைத்தெரு நடுவே உறுமிக்கொண்டு போகிறது, டீக்கடை பச்சியப்பன் அவன் பாட்டுக்கு டீ ஆற்றிக்கொண்டிருக்கிறான், பஸ் நிறுத்தத்தில் நிற்கிற காலேஜ் பெண்கள் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, முன்பெல்லாம் இந்த வண்டியை வெளியே எடுத்தால் பிள்ளைகள் ‘மொட்ட காரு, மொட்ட காரு’ என்று கத்திக்கொண்டு ஏரிக்கரை வரை பின்னாலேயே ஓடிவரும், பெரியவர்கள்கூடச் செய்கிற வேலையை விட்டுவிட்டு வேலியோரம் வந்து நிற்பார்கள், இன்றைக்கு ஏதோ டவுன் பஸ் போவதுபோல அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்... ஊருக்கு என்ன வந்தது? இல்லை, ஊருக்கெல்லாம் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லையா? பக்கத்தில் நிர்மலா உட்கார்ந்திருக்கிறாள், என் மனைவி, மடியில் கையை வைத்துக்கொண்டு நேராகச் சாலையைப் பார்க்கிறாள், ஏறுவதற்கு முன்பே தலையில் ஒரு துணியைக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள், மொட்டை வண்டியில் காற்று எப்படி அடிக்கும் என்று இவளுக்கு யார் சொன்னது, அந்தக் காலத்தில் நான் கெஞ்சிக் கூப்பிட்டும் ஒருநாள்கூட இதில் ஏறாதவள் ஆயிற்றே.

ஏறாதவள் மட்டுமா, இந்தக் காரைச் சக்களத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தவள். பெங்களூரில் ஒருவர் வெளிநாட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் என் தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி, இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் பறக்கும், தொப்பூர் கணவாயில் ஒரு மழைநாளில் சறுக்கிச் சுவரில் இடித்தேன், முன்விளக்கு ஒன்று உடைந்தது, எனக்குத் தோள்பட்டை விலகியது, அவ்வளவுதான், அதற்கு இவள் செய்த அமர்க்களம்... கட்டுப்போட்ட கையோடு என்னை அம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், கற்பூரத்தை ஏற்றி, இன்னொரு கையால் அணைக்கச் சொன்னாள், இனி இந்தக் காரின் சாவியைத் தொடுவதில்லை என்று சத்தியம். அணைத்தேன். நானும் ரோஷக்காரன், அன்றைக்குச் சாவியை அவள் கையில் கொடுத்தவன் அதற்கப்புறம் கொட்டகைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை, பார்த்தால்தானே கை அரிக்கும், வாரம் முழுக்க ஓசூர் கம்பெனியில் வேலை, அங்கேயே ஒரு அறை, சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு முழுக்கத் தூங்கிவிட்டுத் திங்கள் விடிவதற்குள் பஸ் பிடித்துவிடுவேன், இப்போது ஓய்வு பெற்று மொத்தமாக வீட்டுக்கு வந்திருக்கிறேன், கொண்டுவந்த மூட்டையைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை, அதற்குள் இவளே வந்து சொல்கிறாள், “என்னாங்க, அந்தக் காரு சும்மாத்தான கெடக்குது, எடுத்து ரெடி பண்ணுங்களேன்.” சத்தியம் பண்ணியிருக்கிறேனே என்றேன். “அம்மங்கிட்ட நான் பேசிக்கறன், நீங்க பண்ணுங்க.” அம்மனிடம் இவள் பேசிக்கொள்வாளாம்! ஏன்? எதற்கு இந்தத் திடீர்க் கரிசனம்? நான் நாளெல்லாம் வீட்டில் இருப்பது பிடிக்கவில்லையா, ஒரு வண்டியைக் கொடுத்து வெளியே கிளப்பிவிட்டால் போதும் என்றா, அப்படி என்னைக் கிளப்பிவிட்டுவிட்டு இங்கே என்ன நடக்க வேண்டியிருக்கிறது?

அதியமான்கோட்டை தாண்டியாயிற்று, எஞ்சின் ஒரு இருமல் இல்லாமல் ஓடுகிறது, ஓடட்டும், அதுவும்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நின்றுபோன காரை எழுப்புவது எப்படி என்று செல்போனில் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்தேன், டேங்கில் பெட்ரோல் பிசினாகியிருக்கும், பிஸ்டன் இறுகியிருக்கும், பிரேக் கவ்விக்கொண்டு விடாது, வயரையெல்லாம் எலி கடித்துக் குதறியிருக்கும், ஓய்வுபெற்றவனுக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட... கொட்டகையைத் திறந்தால் தார்ப்பாய் மேல் அத்தனை தூசு, தார்ப்பாயை இழுத்தால் காரின் மேல் ஒரு துளித் தூசு இல்லை. நாலு டயரும் காற்றோடு நின்றன. சுற்றிலும் தரையில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கோடு இழுத்தமாதிரி, நிர்மலா பட்டுப்புழு வளர்க்கிற மனை வாசலில் எறும்பு ஏறாமல் இருக்கத் தூவுவாளே அதேபோல. உடைந்த முன்விளக்கு உடையாமல் இருந்தது! கேட்டதற்கு, “அது அப்பவே மாத்தியாச்சுங்களே” என்றாள், சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மல்பெரிச் செடியைப் பார்த்தாள். தருமபுரியிலிருந்து மெக்கானிக் காளியப்பனை வரவழைத்ததும் அவள்தான், அவன் ஆயில் குச்சியை உருவிக் காட்டினான், தார்போல வர வேண்டிய ஆயில் தேன் நிறத்தில் இருந்தது, பேட்டரியை மாற்றினான், எதையோ துடைத்தான், சாவியைத் திருப்பினான், கிளம்பிவிட்டது. “வண்டிக்கு ஆயுசு கெட்டிங்க சார்” என்று இளித்தான். எனக்கோ பந்தியில் உட்கார வைத்து வெறும் இலையைக் காட்டி எழுப்பிவிட்டாற்போல் ஆகிவிட்டது. அதைவிட, பின்பக்க மூடி சும்மா திறக்காது, இடது ஓரத்தில் முழங்கையால் ஒரு குத்துக் குத்தித்தான் தூக்க வேண்டும், இந்த வண்டியை முதல்முதலாகப் பார்க்கிறவன் வந்தான், குத்தினான், தூக்கினான்... கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் இரண்டு பேரும் கிணற்றோரம் நின்று ஏதோ குசுகுசுவென்று, என்னைக் கண்டதும் அவள் குரலை உயர்த்தி, “டீ போடட்டுங்களா காளியப்பா?”

ஆனால் காளியப்பன் பிரச்சினை இல்லை, அவன் வெறும் கை, யாருடைய கை என்பதுதான் கேள்வி. அன்றைக்கு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன், முழங்கால் டக்கென்று இடித்தது, இருக்கை முன்னால் இழுக்கப்பட்டிருந்தது, என் காலுக்குச் சரியாக நான் வைத்திருந்த இருக்கை, எட்டு வருடத்தில் தானாக நகர்ந்து வருமா? குட்டையான ஆள் யாரோ ஓட்டியிருக்கிறான். கீழே கையைவிட்டுத் துழாவினேன், சேலை ஊக்கு ஒன்று வந்தது. சேலை ஊக்கு! ஆக, ஓட்டியவன் பக்கத்தில் இவள் உட்கார்ந்திருக்கிறாள். அப்போது மனசுக்குள் வந்து நின்றவன் கதிரவன், இளம் புழு கொண்டுவந்து கொடுப்பவன், கறுப்புக் கண்ணாடியும் அவனும், வாய்க்கு வாய் ‘அக்கா, அக்கா’, என் தோளுக்குக்கூட வரமாட்டான், நான் ஓசூரில் இருக்கும் நாளாகப் பார்த்துத்தானே வருவான், பட்டுப்புழு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிறக்காதா? இந்த வயதில் இப்படி நினைக்க வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நினைக்காமல் இருக்க முடியவில்லை, எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று, நான் இல்லாத நாட்களில் இந்த ஸ்டியரிங்கைப் பிடித்தவன் யார், அவன் பக்கத்தில் உட்கார்ந்து இவள் எங்கே போனாள். அதனால்தான் “ஒரு லாங் ஓட்டிப் பாருங்க சார், ஒகேனக்கல் வரைக்கும் போயிட்டு வாங்க” என்று காளியப்பன் சொன்னதும், “நானும் வர்றன்” என்று இவள் முந்திக்கொண்டதும், சரி வா என்று உடனே தலையாட்டினேன், வழியெல்லாம் முகத்தைப் பார்த்தால் ஏதாவது தெரியாமலா போகும்.

தெரிகிறது, தெரியாமல் என்ன... இண்டூரில் அந்த வேகத்தடை வெள்ளைக்கோடு அழிந்து தரையோடு தரையாகக் கிடக்கிறது, நான் பார்ப்பதற்கு முன்பே இவள் கை கதவைப் பிடித்துக்கொள்கிறது. பென்னாகரம் தாண்டி மரங்கள் நெருங்கிவரும் இடத்தில் செக்போஸ்ட், எனக்கு முன்னால் போன வேனை நிறுத்தி எங்கே, எத்தனை பேர், பாட்டில் இருக்கிறதா என்று குடைகிறார்கள், என் வண்டியைத் தூரத்தில் கண்டதுமே காவலாளி தடுப்புக் கம்பைத் தூக்கிவிட்டான், கையை வேறு உயர்த்தினான், எனக்கில்லை, இடது பக்கம் பார்த்து, இவளும் லேசாகத் தலையசைத்தாள். இதே வழியாக வந்திருக்கிறார்கள், ஒருநாள் இரண்டு நாள் அல்ல, காவலாளி முகம் பழகுகிற அளவுக்கு வந்திருக்கிறார்கள், நான் ஓசூரில் ஷெட்டுச் சத்தத்தில் காது அடைத்துக் கிடந்தபோது, அறைக்குத் திரும்பி ஆறிப்போன சோற்றைப் பிசைந்து தின்றபோது, இவள் காற்று வாங்கிக்கொண்டு ஆற்றுக்குப் போயிருக்கிறாள், கேட்டுவிடலாமா, கேட்டு அவள் ஆமாம் என்றுவிட்டால் அப்புறம் நான் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது? எனக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான். கண் எரிந்தது, காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

மலை இறக்கம் தொடங்கிவிட்டது, வளைவு, அடுத்து இன்னொரு வளைவு, குரங்குகள் சுவரில் உட்கார்ந்து பார்க்கின்றன, எதிரே பஸ் ஒன்று முக்கிக்கொண்டு ஏறி வருகிறது, வேகத்தைக் குறைக்கக் கியரை இறக்கினேன், கரகரவென்று பல்லைக் கடித்துக்கொண்டு விழமாட்டேன் என்றது, மறுபடியும் தள்ளினேன், மறுபடியும் கரகர, வண்டி சரிவில் தன் இஷ்டத்துக்கு ஓட ஆரம்பித்தது, பஸ் நெருங்கிவிட்டது, கை வியர்த்துக் கியர்க் குச்சி வழுக்குகிறது, “கிளட்ச ரெண்டு வாட்டி மிதிங்க!” என்று இவள் குரல், மிதித்தேன், விட்டேன், மிதித்தேன், கியர் வெண்ணெய்போல இறங்கியது, பஸ் உரசாமல் போனது. அப்போதுதான் பார்த்தேன், அவளுடைய இடது கால் முன்னால் நீண்டு தரையை அழுத்திக்கொண்டிருந்தது, அங்கே மிதிப்பதற்கு ஒன்றுமே இல்லை, வெறும் தரை, அவள் இடது கை புடவை மடிப்பின் மேல் இல்லாத குச்சியைப் பிடித்திருந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். காலை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

கதிரவனைவிட அவளே ஒரு விரற்கடை குட்டை என்பது இத்தனை நாள் எனக்கு ஏன் உறைக்கவில்லை? ஓட்டுகிறவன் என்றால் ஆண்பிள்ளை என்று முடிவுகட்டிக்கொண்டு, ஊக்கு கிடந்தது எந்த இருக்கைக்குக் கீழே என்றுகூட யோசிக்காமல்... எப்போதிருந்து என்றேன். “நாலு வருசம் இருக்கும். எலி பூந்துதுன்னு ஒருநாளு கொட்டாயத் தொறந்தன், அது கெடந்த கெடப்பப் பாக்க முடியல. காளியப்பனக் கூப்பிட்டன். ரெண்டு மாசம் போராடித்தான் கெளப்பனாரு, நீங்க நெனைச்சீங்களே, அதே மாதிரி.” லைசென்ஸ்? “அதும் வாங்கிட்டன்.” என்னிடம் ஏன் சொல்லவில்லை? “நீங்க சத்தியம் பண்ணவரு. உங்ககிட்ட சொல்லி உங்க ஆசையக் கெளப்பி உடறதா?” சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது, மார்பில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் உருண்டு காட்டுக்குள் போய்விட்டது, அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறிவிட்டது, அப்போ கதிரவன் என்று கேட்டுவிட்டேன். “கதிரவனுக்கென்ன?” ஒன்றுமில்லை என்றேன். அவள் திரும்பி என் முகத்தையே பார்த்தாள், நான் வளைவைப் பார்ப்பதுபோல் பார்த்தேன், புரிந்துகொண்டாள், அதற்கப்புறம் ஆறு வரும் வரை அந்தப் பக்கக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த அமைதியில் இன்னொரு சந்தேகம் முளைத்தது, என் புத்தி அப்படி, ஒன்று போனால் ஒன்று... நான் வீட்டோடு வந்துவிட்ட பிறகு இவள் எப்படி வண்டியை எடுப்பாள்? எடுக்க முடியாது. எனக்கு இது கிடைத்தால்தான் இவளுக்குப் பக்கத்து இருக்கையாவது கிடைக்கும். அப்படியானால் அன்றைக்கு மூட்டை பிரிப்பதற்குள் வந்து அவள் கேட்டது கரிசனமே இல்லை, எஞ்சியதைக் காப்பாற்றிக்கொள்கிற வழி.

ஒகேனக்கல்லில் தண்ணீர் சத்தமும் எண்ணெய் வாசனையும் ஒன்றாக வந்தன. மீன் வறுக்கும் கடை வரிசைக்கு முன்னால் எங்கே நிறுத்துவது என்று நான் தடுமாற, அவள் ஒரு புங்க மரத்தைக் காட்டினாள், அங்கே நிறுத்தினேன். கடைக்காரி சட்டுவமும் கையுமாக நிமிர்ந்தாள், கழுத்தில் சிலுவை, முகமெல்லாம் வியர்வை, “வாங்கக்கா, ஒரு மாசமா ஆளையே காணம்... என்ன இன்னிக்கு அந்தப் பக்கமா எறங்கறீங்க?” என்று கேட்டவள் என் பக்கம் பார்த்து, “டிரைவர் வெச்சிக்கிட்டீங்களா?” நிர்மலா தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே, “இல்ல சகாயமேரி, எங்க வூட்டுக்காரரு. ஓசூர்ல இருந்து மொத்தமா வந்துட்டாரு” என்றாள், அவள் குரலில் குறை எதுவும் இல்லை, சந்தோஷமும் இல்லை, பஸ் வந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். சகாயமேரி எதுவும் கேட்காமல் ஒரு துண்டு வாலை எடுத்துத் தட்டில் போட்டு அவளிடம் நீட்டினாள், வீட்டில் எனக்கு வாலை வைத்துவிட்டுத் தலையைத் தின்பாள் என் மனைவி, வால் பிடிக்கும் என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. “அப்ப இனிமே நீங்க ஓட்டிக்கிட்டு வரமாட்டீங்களாக்கா?” நிர்மலா மீனைப் பிட்டாள், முள்ளை எடுத்தாள், வாயில் போடவில்லை, விரலிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சட்டியில் எண்ணெய் சடசடத்தது. சகாயமேரி என் பக்கம் திரும்பினாள், சாவி இருந்த என் கையை ஒருமுறை பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.