பித்தளை உருளையின் அளவு

பிராக்டிகல் பரீட்சைக்கு எக்ஸ்டர்னல் வருகிற நாளென்றால் போசரியில் அந்த இன்ஜினியரிங் கல்லூரிக்குக் கல்யாணக் களைதான். தரை கழுவியாச்சு, அவல் போஹாவும் ஜிலேபியும் வந்தாச்சு. பதினோரு வருஷமாக இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து மாதுரி தாப்கீருக்கு அலுத்துப்போயிருந்தது. மெக்கானிக்கல் பிரிவில் மைக்ரோமீட்டர் பிடித்து அளக்கச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். அதாவது, சொல்லிக்கொடுப்பதாக ஏட்டில் இருப்பவள்.

வெளித்தேர்வாளர் தேஷ்மானே விரலில் ஒட்டிய ஜிலேபிப் பாகைத் துடைத்துக்கொண்டு விடைத்தாள்களைப் புரட்டினார். பித்தளை உருளையின் குறுக்களவு, ஐம்பத்தொன்பது பேருக்கு 24.86 மில்லிமீட்டர். ஒரே ஒருத்திக்கு 24.61.

"யாரு மேடம் இந்த மகராசி? கேதகி லாண்ட்கேயா? ஊரே ஒண்ணு சொல்லுது, இவ ஒண்ணு சொல்றா. ஃபெயில்தான்."

சாக்கணில் ஒரு தொழிற்சாலையில் பாகங்களை அளந்து பார்க்கிற வேலை கேதகிக்குக் கிடைத்திருந்தது. இதில் தேறாவிட்டால் அந்த வேலை போச்சு.

மாதுரியே உருளையை எடுத்து அளந்தாள். 24.61. பின்னே எப்படி இருக்கும்? எக்ஸ்டர்னல் கண்ணில் பளபளக்கட்டும் என்று பியூன் நாம்தேவ் வருஷா வருஷம் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான். உருளை இளைத்துக்கொண்டே வந்தது. சீனியர் நோட்டிலிருந்து ஜூனியர் நோட்டுக்கு இறங்கிய எண் மட்டும் இளைக்கவில்லை. அளந்தால்தானே தெரியும்! மாதுரியும் அந்த எண்ணுக்கு எத்தனை டிக் போட்டிருப்பாள், கணக்கே இல்லை.

"சார், அவ எழுதினதுதான் சரி. நீங்களே அளந்து பாருங்க."

தேஷ்மானே உருளையைத் தொடவில்லை. "சரியாவே இருக்கட்டும். அப்போ மத்த ஐம்பத்தொன்பது பேருக்கும் ஃபெயில் போட்டுடவா? உங்க பிரின்சிபால் என்னைச் சும்மா விடுவாரா, இல்ல உங்களைத்தான் விடுவாரா? அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு மாத்தி எழுதச் சொல்லுங்க. நாலு மணிக்கு எனக்கு பஸ்."

சண்டை போடலாம்தான். மாதுரிக்குத் தெம்பில்லை. வராந்தாவில் நின்ற கேதகியைக் கூப்பிட்டாள்.

"மாத்தி எழுதும்மா. பாயின்ட் எட்டு ஆறு."

"மேடம், நான் மூணு தடவை அளந்தேன்."

"தெரியும்டி. நானும் அளந்தேன். எழுது."

கேதகி பழைய எண்ணை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, புதிதாக எழுதினாள். தேஷ்மானே மார்க் போட்டார். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். கேலியெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"மேடம், கம்பெனில அளந்து எழுதச் சொன்னா நான் எதை எழுதணும்?"

மாதுரி வாயைத் திறப்பதற்குள் தேஷ்மானே முந்திக்கொண்டார். "உனக்கு முன்னாடி இருந்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பார்த்துக்கோம்மா."