விசிறிக்குள் இருந்தது

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் வாயைத் திறந்தபடி உறைந்துபோனேன். அதாவது, திரையில் இருந்த நான். "கடற்புல் என்பது" வரை சொல்லியிருந்தேன். அதற்கு மேல் உதடும் அசையவில்லை, படமும் அசையவில்லை. லப்டொப்புக்குள் விசிறி மட்டும் விமானம் கிளம்புவதைப் போல இரைந்துகொண்டிருந்தது. ஒத்திகை பார்ப்பதற்காக மறுமுனையில் இருந்த என் சிநேகிதி தாரிகா கைபேசியில் அழைத்து, "அடியே நிருஷா, பல்லுப் பிடுங்கப் போன ஆள் மாதிரி நிக்கிறாய்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு எனக்கு நேர்முகம். நியூசிலாந்தின் தென்கோடியில் ஒரு பல்கலைக்கழகம், கடற்புல் பற்றிய ஆராய்ச்சி, நான்கு வருடத்துக்குப் புலமைப்பரிசில். மூன்று வாரத்துக்கு முன்னர் நடந்த முதல் நேர்முகத்திலும் இதே லப்டொப் இதே மாதிரி என் காலை வாரியது. அன்று பேராசிரியர் பெரிய மனது பண்ணி இன்னொரு நாள் தந்தார். அவருடைய மின்னஞ்சலின் கடைசி வரி மிகவும் மரியாதையானது: இம்முறை உங்கள் கருவிகளை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளவும். மூன்றாவது தடவை கிடையாது என்பதைப் படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். தாரிகாவின் லப்டொப் அலுவலகத்துடையது, அதில் ஒரு பாட்டுக்கூடக் கேட்க முடியாது. கைபேசியில் என் வரைபடங்களைக் காட்டி விளக்க முடியாது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று யோசிக்கிற நிலையில் நாங்கள் இல்லை.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். தேவையில்லாத படங்களை அழித்தேன், வைரஸ் தேடினேன், எல்லாவற்றையும் புதிதாக நிறுவினேன், இருபது தடவை அணைத்துப் போட்டேன். இருபது நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதிக்கும், அம்புக்குறி ஒரே இடத்தில் நின்றுவிடும்.

"உதுக்கு மூச்சு முட்டுது, பிள்ளை" என்றார் அப்பா.

அப்பாவின் பெயர் நாகேந்திரம். முப்பத்துநான்கு வருடம் கொழும்பின் காலி வீதி ஹோட்டல்களிலும் அலுவலகங்களிலும் ஏசி திருத்தியவர். சூடு என்று யார் வாயைத் திறந்தாலும் அது தன்னுடைய இலாகா என்று நினைப்பார். நான்கு சோடாப் போத்தல் மூடிகளைக் கொண்டுவந்து லப்டொப்பின் நான்கு மூலைக்கும் கால் கொடுத்தார். மேசை விசிறியைத் தூக்கி வந்து அதன் முகத்துக்கு நேரே வைத்தார். ஐஸ் தண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் படுக்க வைத்தார், காய்ச்சல்காரருக்குச் செய்வதைப் போல.

"சூடு எண்டால் காத்துப் போகேல்லை. காத்துப் போகேல்லை எண்டால் எங்கையோ அடைப்பு. நான் பாத்த எல்லா மெஷினுக்கும் உதுதான் வருத்தம். கழட்டிப் பாப்பமே?"

"வேண்டாமப்பா."

எங்கள் வீட்டு மிக்ஸியை அவர் ஒருமுறை கழற்றிப் பூட்டியபோது மிஞ்சிய மூன்று ஆணிகள் இன்னும் ஷோகேஸில் இருக்கின்றன. மிக்ஸி ஓடுகிறது, அது வேறு கதை.

இவ்வளவு பாடுபட்டவர், நேர்முகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விண்ணப்பித்து இரண்டு மாதம் ஆகிறது. எந்த ஊர், எத்தனை வருடம், கிடைத்தால் எப்போது பயணம், ஒன்றும் இல்லை. நானாகச் சொன்னால், "ம்" என்பார். பிறகு யன்னலுக்குப் போய்க் கடலைப் பார்ப்பார். அம்மா இறந்து இரண்டு வருடம். வெள்ளவத்தையில் இந்த மூன்றாம் மாடி வீட்டில் நானும் அவரும்தான். நான் போனால் அவர் மட்டும்தான். கீழ் வீட்டு மாமி மாடிப்படியில் என்னைப் பிடித்து, "தகப்பனைத் தனிய விட்டிட்டுப் போகப் போறியோ மகள்?" என்று கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

இன்னுமொன்றும் இருந்தது. சில நாட்களில் காலையில் லப்டொப் நான் வைத்த மாதிரி இருப்பதில்லை. வயர் இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் இருக்கும், திறந்து வைத்தது மூடியிருக்கும். அது பழுதாகத் தொடங்கியதும் நான் விண்ணப்பித்த பிறகுதான். இரண்டையும் கூட்டி என் மனது ஒரு கணக்குப் போட்டது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் போகக்கூடாது என்று அப்பாவே ஏதாவது செய்கிறாரோ என்று நினைத்தேன். ஒரு முழு இரவு அதை நம்பவும் செய்தேன்.

புதன்கிழமை காலை லப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கணினி திருத்துகிற ரிப்கானின் கடைக்குப் போனேன். காலி வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே, ஒரு ஆள் மட்டுமே ஏறக்கூடிய படிகளின் முடிவில் இருக்கிறது கடை. ரிப்கானுக்கு நாற்பது வயதிருக்கும். வைத்தியர் மாதிரி முதலில் கதை கேட்பார், பிறகுதான் தொடுவார்.

"எப்ப இருந்து இப்பிடி, தங்கச்சி?"

"ரெண்டு மாசம்."

"விழுந்தா? தண்ணி கிண்ணி பட்டா?"

இல்லை என்றேன். அவர் அதைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி ஒரு காந்தத் தட்டில் வரிசையாக வைத்தார். அப்பாவைக் கூட்டிவந்து இந்தத் தட்டைக் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அடி மூடி கழன்று வந்ததும் அவர் விளக்கைக் கிட்ட இழுத்தார். விசிறியின் இதழ்களிலும் அதற்குப் பின்னால் சீப்புப் பல் போன்ற தகடுகளிலும் சாம்பல் நிறமாக ஏதோ அப்பியிருந்தது. மென்மையான, வெளுத்த பொடி.

"கடல் பக்கம் வீடுகள்ல இருந்து வார மெஷின்ல உப்பு ஈக்கும், துரு ஈக்கும். பூனை முடி கூட எடுத்தீக்கேன்" என்றார். "இது வேற."

தூரிகையால் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்து, மிச்சத்தையெல்லாம் அதன்மேல் மெதுவாகத் தட்டினார். அவருடைய கை வேகம் குறைந்துவிட்டிருந்தது.

"தங்கச்சி, இது திருநீறு."

எனக்கு விளங்கவில்லை.

"ஒங்கட வீட்டுல யாரோ இதுக்குத் திருநீறு பூசியீக்காங்க. மேல இல்ல, கீழ்ப்பக்கம். ஃபான் காத்து இழுக்கிற எடத்துலயே. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நெறைய நாள்." அவர் சிரித்தார். "எங்கட உம்மா நான் கடைக்கு வெளிக்கிடுற நேரம் ஓதி ஊதுவாங்க. ஊதினா மெஷினுக்கு ஒண்டும் ஆகாது. பூசினாத்தான் கஷ்டம். ஒங்கட அம்மாக்கிட்டச் சொல்லுங்க."

"அம்மா இல்லை" என்றேன்.

ரிப்கான் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, மறுபடி வேலையில் குனிந்துகொண்டார்.

அம்மாவுக்குத் திருநீறு பூசாத பொருள் ஒன்றும் வீட்டில் இருந்ததில்லை. தையல் மெஷின், காஸ் அடுப்பு, டிவி, கடைசியில் வைஃபை ரவுட்டர். "ஜெகதீஸ், ரவுட்டருக்கும் சோதினையோ?" என்று அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிச் சீண்டுவார். அப்பாவின் பக்தி கோயில் வாசலில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் நிற்பதோடு முடிந்துவிடும். உள்ளே பூசை நடக்கும்போது அவர் வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவர் நெற்றியில் திருநீறு இருந்ததை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன், அம்மா இறந்து எட்டாம் நாள் செய்த எட்டுச் செலவன்று. எனக்குப் பரீட்சை வரும் நாட்களில், விடிவதற்கு முன்னர் அம்மா வந்து, நித்திரையில் கிடக்கிற என் நெற்றியில் மூன்று விரலால் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுப் போவார். கண்ணிமையில் திருநீறோடு எழும்பி நான் கத்துவேன். பல்கலைக்கழகக் கடைசிப் பரீட்சை வரைக்கும் இது நடந்தது.

அந்த வேலையை இப்போது அப்பா எடுத்திருக்கிறார். வளர்ந்த மகளின் நெற்றியைத் தொட அவருக்குக் கூச்சம். அதனால் லப்டொப்புக்குப் பூசியிருக்கிறார். ரவுட்டரைப் பார்த்துச் சிரித்த மனிசன், நான் கண்டுவிடக்கூடாது என்று அதைக் கவிழ்த்து அடியில் பூசியிருக்கிறார். ஊர் ஏசிகளின் அடைப்பையெல்லாம் எடுத்தவர், இருட்டில், கண்ணாடி போடாமல், காற்றுப் போகிற இடம் பார்த்துப் பூசியிருக்கிறார். என்னை அனுப்பி வைப்பதற்காக.

எனக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ரிப்கான் பார்க்காதது போல, சூட்டைக் கடத்துகிற, காய்ந்துபோன பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தார். அவரும் வெள்ளையாக ஒன்றைத்தான் விரலால் பூசினார்.

எல்லாம் பூட்டி, அரை மணித்தியாலம் படம் ஓடவிட்டுக் காட்டினார். விசிறியின் சத்தமே இல்லை. அடியில் கை வைத்துப் பார்த்தேன், கொதிப்பு இல்லை. கிளம்பும்போது அந்தக் கடதாசியை நான்காக மடித்து என்னிடம் நீட்டினார்.

"இத குப்பையில போட ஏலாதானே. கொண்டு போங்க."

வீட்டுக் கதவைத் திறந்த அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, லப்டொப்பைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"அடைப்பாம்."

"நான் சொன்னனான் தானே!" என்றார். வெற்றிச் சிரிப்பு ஒன்று வந்து பாதியில் நின்றது. "என்ன அடைப்பாம்?"

பையிலிருந்த பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தேன். "தூசியாம் அப்பா. கடற்காத்து."

"ம். கடற்காத்துப் பொல்லாதது." வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார், "கீழ்ப்பக்கம் கழட்டினவனோ?"

"தெரியேல்லை. நான் வெளியிலை நிண்டனான்."

அவர் தேத்தண்ணி வைக்கப் போனதும் சாமித்தட்டுக்கு முன்னால் போய் நின்றேன். அம்மாவின் பித்தளைத் திருநீற்றுச் சிமிழ் அங்கேயே இருந்தது. இரண்டு வருடமாக அதை யாரும் தொடவில்லை என்று நினைத்திருந்தேன். மூடியைத் திறந்தால், நடுவில் விரல் போய்ப் போய் ஒரு பள்ளம், அடித் தகடு தெரிந்தது. பொட்டலத்தைப் பிரித்து, தும்புகளையும் ஒரு தலைமயிரையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை அந்தப் பள்ளத்துக்குள் கொட்டினேன். தூசி முழுவதும் போகவில்லைத்தான். அம்மா இருந்திருந்தால் அடித்திருப்பார்.

பின்னேரம் யன்னலடியில் தேத்தண்ணி குடிக்கும்போது அப்பா கேட்டார், "அங்கை குளிரோ?"

இரண்டு மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. "ஓம் அப்பா. ஜூன், ஜூலையிலை நல்ல குளிராம்."

கோப்பையை யன்னல் விளிம்பில் வைத்தார். "அப்ப உந்த மெஷின் அங்கை சூடாகாது" என்றார்.

 பிறகு இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

அன்று படுக்கப் போகும்போது என் கவலை ஒன்றே ஒன்று. விசிறியைத் துடைத்த மறுநாளே, அதுவும் நேர்முக நாளில், அப்பா பூசாமல் விடமாட்டார். பூசவேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், கண்டுபிடித்துவிட்டேன் என்பது தெரிந்துவிடும். அந்த இரண்டு மாதக் கொதிப்புக்கும், முதல் நேர்முகம் குழம்பியதற்கும் தான்தான் காரணம் என்பதும் தெரிந்துவிடும். அதைத் தாங்கமாட்டார். லப்டொப்பைத் துவாயில் சுற்றி, அலுமாரிக்குள் அம்மாவின் சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிட்டுப் படுத்தேன்.

விடியப் போகிற நேரம், சிமிழின் மூடி தட்டில் படுகிற சத்தம் கேட்டது. பிறகு என் அறைக் கதவு. அப்பா வெறுங்காலோடு வந்து மேசைக்கு முன்னால் நின்றார். அரைக்கண்ணால் பார்த்தேன். இடக்கை மேசையைத் தடவியது. புத்தகத்தைத் தொட்டது, வயரைத் தொட்டது, நான்கு சோடா மூடிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டது. வலக்கையின் விரலைத் திருநீறு உதிராமல் மேலே தூக்கிப் பிடித்திருந்தார். கோட்டை நிலையத்துக்குப் போகும் முதல் ரயில் கடற்கரையோரமாகப் போனது. அது போய் முடியும் வரைக்கும் அப்படியே நின்றார். பிறகு, வந்த வேலை நடக்காதென்று தெரிந்தவராகக் கதவுப் பக்கம் திரும்பினார்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நித்திரையில் புரளுகிறவளைப் போல மல்லாக்கத் திரும்பினேன். நெற்றியில் கிடந்த தலைமயிரைக் கையால் ஒதுக்கிவிட்டேன்.

காலடிச் சத்தம் நின்றது. பல்லி ஒன்று சொன்னது. அவர் திரும்பி வருகிறாரா, போகிறாரா என்று தெரியவில்லை. பிறகு தைலம் மணத்தது, அப்பாவின் முழங்கால் தைலம், மிகக் கிட்ட. சொரசொரப்பான ஒரு விரல் என் நெற்றியில் இடப்பக்கம் தொடங்கி, சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற கவனத்தோடு, வலப்பக்கம் வரை மெல்லப் போனது. அம்மாவைப் போல மூன்று விரலால் ஒரே இழுப்பாக இழுக்க அவருக்குத் தெரியவில்லை. மூக்கின்மேல் கொஞ்சம் உதிர்ந்தது. திருநீறும் லப்டொப் தூசியுமாகத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. இன்னும் இரண்டு கோடு இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.