நுரை வராத சோப்பு

காலையில் குளிக்கும்போதே சோப்பு நுரைக்கவில்லை. தேய்த்துத் தேய்த்துக் கை வலித்ததுதான் மிச்சம். தோலில் வெள்ளைவெள்ளையாகத் திப்பி ஒட்டிக்கொண்டது. வந்த கோபமெல்லாம் கணவன் மேல் போனது. "மலிவா கிடைச்சா கல்லக்கூட வாங்கிட்டு வருவீங்களா?" என்று குளியலறைக்குள்ளிருந்தே ஒரு பிடி பிடித்தாள்.

"எப்பவும் வாங்கற சோப்புதான்," என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமலே. அது அவள் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

ஊரில் வேறு யார் மண்டையில் ஏறாவிட்டாலும் அவள் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் அவள். சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்யும் சின்ன டயாலிசிஸ் நிலையத்தில் டெக்னீஷியன். அந்த இயந்திரங்களுக்குள் ஓடுவதும் ஊர்க் குழாய்த் தண்ணீர்தான். அதிலுள்ள சுண்ணாம்பை எடுக்காமல் விட்டால் நேரே ரத்தத்தில் போய்ச் சேரும். அதனால் உப்புத் தொட்டி ஒன்று, அதற்குப் பின்னால் பெரிய வடிகட்டி ஒன்று என்று இரட்டைக் காவல். பெரிய வடிகட்டி பழுதாகிக் கிடந்தது. உதிரிப் பாகம் வரும்வரை உப்புத் தொட்டியே போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளும் சரி சரி என்று தலையாட்டிவிட்டாள்.

இரண்டாம் படுக்கை அவளுடைய அண்ணனுக்கு. பஸ் கண்டக்டராக இருந்தவர். சிறுநீரகம் போனாலும் வாய் போகவில்லை. ஊசி ஏறியதும் "ரைட், வண்டிய எடு" என்று குரல் கொடுப்பார். மற்ற மூன்று படுக்கைகளிலும் சிரிப்பு எழும். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தது. இயந்திரங்களைப் போடுவதற்கு முன் அவள் வழக்கம்போல் தண்ணீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்திருந்தாள். நீலமானால் நல்ல தண்ணீர், ரோஜா நிறமானால் சுண்ணாம்பு. நீலம்தான் வந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் சும்மா கிடப்பதே அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"என்ன கண்டக்டரே, வண்டி நின்னுடுச்சா?"

"வயித்தப் பொரட்டுது பாப்பா. உடம்பெல்லாம் எரியுது."

"அண்ணிக்குத் தெரியாம எதையாவது தின்னுட்டு வந்தீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவர் வாந்தியெடுத்தார். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. அடுத்த படுக்கையில் தையல்கார அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு, "தலை பிளக்குதும்மா," என்று முனகினார்.

அண்ணனைத் துடைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். சோப்பைத் தேய்த்தாள். நுரைக்கவில்லை. அதே வெள்ளைத் திப்பி. இது நிலையத்துச் சோப்பு, கணவன் வாங்கியது இல்லை.

கோடையில் ஆறு வற்றினால் ஊருக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அது முழுக்கச் சுண்ணாம்பு, சோப்பு நுரைக்காது. இந்தத் தடவை ஒரு வார்த்தை சொல்லாமல் திறந்திருக்கிறார்கள். ஆற்றுத் தண்ணீருக்கு அளந்து வைத்த உப்புத் தொட்டி இதற்கு எந்த மூலைக்கு? அப்படியானால் அந்த நீலம்? அது முந்தின நாள் சுத்தமாகி உள்ளே தேங்கிக் கிடந்த தண்ணீரின் நீலம். ஆரம்பத்தில் ஒரு முறை பார்ப்பதோடு சரி, ஓடத் தொடங்கிய பிறகு யாரும் பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை.

ஓடிப்போய் மறுபடி பிடித்தாள். சொட்டு விட்டாள். ரோஜா நிறம். ஒரு நிறத்தைப் பார்த்து அவள் அப்படிப் பயந்ததே இல்லை.

"எல்லாத்தையும் நிறுத்துங்க, டாக்டரக் கூப்பிடுங்க," என்று நர்ஸிடம் சொன்னபோது அது தன் குரல்தானா என்றிருந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. டாக்டர் வந்து மருந்து ஏற்றுவதற்குள் அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, நான் போயிடுவேனா?"

"பேசாம படுங்கண்ணே."

"தண்ணிதானே? நீ பாத்துதானே விட்ட?"

தன் கையாலேயே கூடப்பிறந்தவனைக் கொன்றுவிட்டோமோ என்று நினைத்தபடியே அவருடைய ரத்த அழுத்தத்தை மறுபடி அளந்தாள்.

யாரும் போகவில்லை. சாயங்காலத்துக்குள் நால்வரும் எழுந்து உட்கார்ந்தார்கள். இத்தனை நாள் வராத உதிரிப் பாகம் மறுநாளே எங்கிருந்தோ பறந்து வந்து சேர்ந்தது. அதற்கடுத்த நாள் அண்ணன் திரும்ப வந்தாக வேண்டும். வந்தால் தண்ணீரைப் பார்த்துப் பயம். வராமல் வீட்டில் இருந்தால் ரத்தத்தில் சேரும் விஷம் சும்மா விடாது.

வந்தார். படுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய சோப்புத் துண்டை எடுத்தார்.

"மெஷினுக்குள்ள போற தண்ணி ஒரு மக் கொண்டா."

கொண்டுவந்து ஊற்றினாள். தேய்த்தார். மணிக்கட்டு வரை வெள்ளையாக நுரை பொங்கியது. மற்ற படுக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையைக் கழுவிவிட்டு "ரைட்" என்று சொல்வார் என்று அவள் காத்திருந்தாள்.

"இன்னொரு தடவை ஊத்து," என்றார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. இயந்திரங்களை ஓடவிட்டு, அவர் வருவதற்கு முன்பே எத்தனையோ முறை சொட்டு விட்டுப் பார்த்திருந்தாள், எல்லாம் நீலம். இருந்தும் மறுபடி ஊற்றுவதற்கு முன் மக்கிலிருந்து கொஞ்சம் எடுத்து, இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தாள்.