முப்பது ஆம்பியர் பெட்டி

போன வருடக் கடைசி விடுமுறைக்கு வீட்டு முகப்பில் கட்டிய எல்.இ.டி. பட்டை, வாசல் பக்கம் பளீரென்று வெள்ளையாகத் தொடங்கி, மாடி மூலைக்குப் போவதற்குள் மஞ்சளடித்துப் போயிற்று. "உங்க வீட்டுக்கு மஞ்சக்காமாலையா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டது, பள்ளி வேன் ஓட்டும் அண்ணியின் மனதில் தைத்துவிட்டது. இந்த முறை நல்ல பவர் சப்ளை பெட்டி வாங்கியே தீருவதென்று, நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

நாத்தனாருக்கு வீட்டில் பெயர் தராசு. கூரியர் அலுவலகத்தில் பார்சல் எடை போடுபவள். மாற்றலாகி அண்ணன் வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகியும், விருந்தாளி போலத்தான் ஒதுங்கி இருந்தாள்.

கடைக்காரர் முதலில் காட்டிய முப்பது ஆம்பியர் பெட்டியின் விலையைக் கேட்டதும் அண்ணிக்குக் கண் பிதுங்கியது.

"அதே முப்பது ஆம்பியர், பாதி விலையில இருக்கு மேடம்" என்று இன்னொன்றை எடுத்து வைத்தார்.

அண்ணி பர்ஸைத் திறந்தேவிட்டாள். தராசு இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

"அண்ணி, கொஞ்சம் பொறுங்க. இது பாதி எடை கூட இல்ல."

"கரண்ட்டை எடை போட்டா வாங்குவாங்க?" என்று சிரித்தார் கடைக்காரர்.

"கரண்ட்டை இல்லண்ணே, பெட்டியத்தான். ரெண்டும் ஒரே வேலை செய்யும்னு சொல்றீங்க. அப்போ ஒன்னு மட்டும் ஏன் இவ்ளோ லேசா இருக்கு?"

கடையில் ஆணி நிறுக்கும் தராசில் இரண்டையும் வைத்தார்கள். ஒன்று எண்ணூற்று எண்பது கிராம். மற்றது நானூற்றுப் பத்து. கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"உண்மைய சொல்லிடுறேன். அது பதினஞ்சு ஆம்பியருக்கு மேல தாங்காது. ஆமா, பட்டை எத்தனை மீட்டர்?"

"இருபது. மீட்டருக்குப் பத்து வாட்னு அட்டையில போட்டிருக்கு. போன தடவை மாடி மூலையில மஞ்சளாப் போச்சு" என்றாள் அண்ணி.

"மொத்தம் இருநூறு வாட். முப்பது ஆம்பியர்னா முன்னூத்தறுபது வாட், அவ்ளோ பெருசு எதுக்கு? நூத்தம்பது வாட் பெட்டி ரெண்டு வாங்குங்க. ஆளுக்கு நூறுதான் இழுக்கும், சூடாகாது. ஒன்னை வாசல்ல வைங்க, ஒன்னை மாடி மூலையில வைங்க. ஒரு முனையில மட்டும் கொடுத்தீங்கன்னா கடைசி வரைக்கும் கரண்ட் ஒழுங்காப் போகாது, அதான் மஞ்சளாச்சு."

இரண்டும் சேர்ந்தே அந்தப் பெரிய பெட்டியை விட மலிவாக இருந்தன. தராசு இவற்றையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

சாயங்காலம் சலூனை மூடிவிட்டு வந்த அண்ணன் ஏணியில் ஏறினான். கீழிருந்து அதிகாரம் செய்தது தராசு.

"கடைக்காரர் சொன்ன மாதிரி நடுவுல பிளஸ் கம்பிய மட்டும் வெட்டுண்ணா! அப்பதான் அந்தந்தப் பெட்டி அதனதன் பாதிய மட்டும் பார்த்துக்கும். ஐயோ, அது மைனஸ்! முடி வெட்டுற மாதிரி கண்ணை மூடிட்டு வெட்டாத!"

"எவன்டி கண்ணை மூடிட்டு முடி வெட்டுறான்?"

அண்ணி ஏணியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏணி, ஏணி!" என்று அவன் அலறினான்.

சுவிட்சைப் போட்டதும் வாசலிலிருந்து மாடி மூலை வரை ஒரே வெள்ளை. ஒரு மணி நேரம் கழித்துத் தராசு பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பு மட்டும்தான்.

எதிர்வீட்டுக்காரர் தெருவைத் தாண்டி வந்து நின்றார். "எந்தக் கடைம்மா? நாளைக்கு என் கூடவும் வரணும் நீ."

"வர்றேன் சார்" என்றாள் தராசு. "பதினோரு மணிக்கு மேலன்னா எனக்கு வசதி. காலையில நானும் அண்ணியும் திரைச்சீலை வாங்கப் போறோம்."

அப்படி ஒரு திட்டம் இருப்பது அண்ணிக்கே அப்போதுதான் தெரியும். முன்பே தெரிந்தவள் போலத் தலையாட்டினாள்.